நாகப்பட்டினம் கடலில் பிடிபட்ட கடிதங்களின் மொழி: ஜுல்ஃபா ஆர்மீனியம் எங்கே போனது?

மண்ணடிக்காரன்:
சென்னை ஆர்மீனியன் தெருவுக்கு எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் பெயர் அரண்மனைக்காரத் தெரு. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. 'ஆர்மீனியக்காரர்' என்ற சொல் நம் வாயில் அப்படித் திரும்பிவிட்டது. அந்தத் தேவாலயத்தைக் கடந்துதான் பத்து வருடம் பள்ளிக்கூடம் போனேன். உள்ளே போய் நிதானமாகச் சுற்றிப் பார்த்தது போன மாதம்தான்.

1712இல் முதலில் கட்டி, 1772இல் இப்போதிருக்கும் கட்டடம் வந்ததாம். முற்றத்துத் தரையெல்லாம் கல்லறைக் கற்கள். அந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. நிற்கும்போது ஒரு கேள்வி வந்தது: இவர்கள் வீட்டுக்குள் என்ன பேசினார்கள்? சோற்றுக்கு, தண்ணீருக்கு, கோபத்துக்கு என்ன சொல்?

வீட்டுக்கு வந்து தேடியதில் இவர்களில் பெரும்பாலோர் ஈரானின் இஸ்ஃபஹானை ஒட்டிய புதிய ஜுல்ஃபாவிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தது. அதற்கும் முன் ஊர், அராஸ் ஆற்றங்கரையில் இருந்த பழைய ஜுல்ஃபா. ஒட்டோமான்களோடு நடந்த போரில் ஈரானிய மன்னர் ஷா அப்பாஸ் 1604-05இல் அந்த ஊரைக் காலி செய்யவைத்து, மொத்த சனத்தையும் இஸ்ஃபஹானுக்கு ஓட்டிவந்தார். ஜாயந்தே ரூத் ஆற்றின் தென்கரையில் இடம் கொடுத்தார். ஊர்ப் பெயரையும் பேச்சையும் அவர்கள் கூடவே கொண்டுவந்தார்கள். அந்தப் பேச்சு இன்று என்ன ஆனது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

எழிலி:
நல்ல கேள்வி. மொழியியல் படித்தபோது இந்த வட்டார வழக்கைப் பாடத்திலேயே சந்தித்தேன், அதனால் கொஞ்சம் சொல்ல முடியும்.

ஆர்மீனிய வட்டார வழக்குகளை முறையாகப் பிரித்து வகுத்தவர் ஹ்ராச்சியா அச்சாரியன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 31 வழக்குகளை மூன்று கிளைகளாகப் பிரித்தார். வினைச்சொல்லின் நிகழ்கால வடிவம்தான் அவருடைய அளவுகோல். ஆர்மீனியத் தலைநகர் யெரெவான், கராபாக் ஆகிய இடங்களின் வழக்குகள் இருக்கும், நிகழ்காலத்துக்கு 'உம்' என்ற ஈறு சேர்க்கும் கிளையில்தான் ஜுல்ஃபாவும் வருகிறது. பிறகு ஜுல்ஃபா வழக்குக்கென்றே ஒரு தனி நூல் எழுதி 1940இல் யெரெவானில் வெளியிட்டார்.

என்னை இழுத்தது அதன் மெய்யெழுத்துகள். இன்றைய தர ஆர்மீனியத்தில் வல்லின ஒலிகள் மூன்று வகை. ஜுல்ஃபா வழக்கில் நான்காவதாக ஒன்று உண்டு: இந்திக்காரர்கள் 'பாரத்', 'கர்' (வீடு) என்று சொல்லும்போது வரும் மூச்சோடு கூடிய அதிர்வொலி. அப்புறம் ஓர் அழகு. எதிர்காலம் சொல்ல வினைக்கு முன்னால் ஒரு 'க்' சேர்ப்பார்கள். அந்த 'க்' தனக்கென்று உருவம் வைத்துக்கொள்வதில்லை. பின்னால் வரும் ஒலி எதுவோ அதன் சாயலை எடுத்துக்கொள்ளும். 'கொடுப்பேன்' என்பது 'க்தாம்'. அங்கே 'க்' வெறும் 'க்'. 'கொண்டுவருவேன்' என்பதில் வினையே மூச்சோடு அதிரும் ஒலியில் தொடங்குவதால், முன்னொட்டும் 'கர்' என்பதில் வரும் ஒலியாக மாறிவிடும். மூச்சுள்ள 'த' வந்தால் மூச்சுள்ள 'க', அதிரும் 'ஸ' வந்தால் அதிரும் 'க'. 'மரம்' என்பது 'கள்' சேர்ந்தவுடன் 'மரங்கள்' ஆகிறதே, அங்கே 'ம்' செய்வதை இங்கே 'க்' செய்கிறது. ஒலியியல் மாணவர்களுக்கு உலகம் முழுக்கப் பயிற்சிக் கணக்காகக் கொடுக்கப்படுகிற உதாரணம் இது.

பயிற்சிக் கணக்கைப் போட்ட அன்று அதைப் பேசுகிற ஆட்கள் யார் என்று நான் யோசிக்கவே இல்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் அது உறுத்துகிறது.

கடற்காகம்:
நான் நாகப்பட்டினத்துக்காரன், அதனால் இதை எழுதியே ஆக வேண்டும்.

1748இல் 'சாந்தா கத்தரினா' என்ற கப்பல் வங்காளத்திலிருந்து பாஸ்ராவுக்குப் போய்க்கொண்டிருந்தது. சரக்கு ஆர்மீனிய வணிகர்களுடையது. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர் நடந்த நேரம். எங்கள் நாகப்பட்டினத்துக் கடற்பகுதியில் ஆங்கிலக் கடற்படை அதைப் பிடித்தது. சரக்கோடு கடிதக் கட்டுகளும் பிடிபட்டன. நீதிமன்ற வழக்குக்குச் சான்றாக அவை லண்டனுக்குப் போய், அங்கேயே ஆவணக் காப்பகத்தில் தங்கிவிட்டன. 2005இல் வரலாற்றாசிரியர் செபூ அஸ்லானியன் அவற்றைத் தேடி எடுத்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்தன. அவை எழுதப்பட்டிருப்பது ஜுல்ஃபா வழக்கில்.

பட்டு விலை, உண்டியல் (பணமாற்றுச் சீட்டு), யாருக்கு யார் எவ்வளவு பாக்கி, யார் ஏமாற்றினான், யார் செத்தான், இதெல்லாம்தான் அந்தக் கடிதங்கள். நடுநடுவே பாரசீகம், இந்துஸ்தானி, போர்ச்சுகீசியம், இத்தாலியன் சொற்கள். எந்தத் துறைமுகத்தில் எந்தச் சொல் கிடைத்ததோ அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட மொழி.

இன்னொன்று. ஹோவன்னஸ் என்ற ஜுல்ஃபா முகவர் 1682இல் ஊரைவிட்டுக் கிளம்பினார். சூரத், ஆக்ரா, பாட்னா வழியாக நேபாளம், அங்கிருந்து லாசா. திபெத்தில் மட்டும் ஐந்து வருடம். 1693 வரை ஒவ்வொரு வரவையும் செலவையும் இதே வழக்கில் எழுதிய அவருடைய கணக்குப் புத்தகம் இன்று லிஸ்பனில் இருக்கிறது. 1984இல் யெரெவானில் அச்சேறியது. கஸ்தூரி வாங்கிய திபெத்து ஊரில் உட்கார்ந்து ஒரு மனிதர் தன் வீட்டுப் பேச்சில் கணக்கு எழுதியிருக்கிறார். வெனிஸ், ஆம்ஸ்டர்டாமிலிருந்து மணிலா வரை இந்த வழக்கு தெரிந்த ஒரு ஆள் இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

நேர்பேச்சு:
மூவரும் உருகி எழுதுகிறீர்கள், புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆர்மீனிய மொழி சாகவில்லை. அதற்கு ஒரு நாடு இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன. ஜுல்ஃபாக்காரரின் பேரன் இன்று தர ஆர்மீனியம் பேசுகிறான் என்றால் அவன் ஆர்மீனியத்தை விட்டுவிடவில்லையே? ஒரு பட்டணத்துப் பேச்சு பெரிய மொழிக்குள் கரைவது எங்கும் நடப்பது. உண்மையாக ஆபத்தில் இருப்பது ஆர்மீனியத்தின் இன்னொரு தர வடிவமான மேற்கு ஆர்மீனியம். அதை யுனெஸ்கோவே 2010இல் அழியும் ஆபத்துள்ள மொழிகளில் சேர்த்தது. கவலைப்படுவதென்றால் அதற்கல்லவா கவலைப்பட வேண்டும்?

எழிலி:
நேர்பேச்சு அண்ணா, நீங்கள் சொல்லும் அந்தப் பெரிய மொழியின் நிழல்தான் பிரச்சினை. மேற்கு ஆர்மீனியத்துக்கு நாடு இல்லை, அதனால் அதன் தேய்வு கண்ணுக்குத் தெரிகிறது. ஜுல்ஃபா வழக்கு கிழக்கு ஆர்மீனியத்தின் வீட்டுக்குள் இருக்கிறது. கணக்கெடுக்கிறவர் வந்து கேட்டால் 'ஆர்மீனியம் பேசுகிறோம்' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். பெரிய மொழி நலமாக இருப்பதே சின்ன வழக்கு போவதை மறைத்துவிடுகிறது.

கரைந்தால் என்ன என்கிறீர்கள். கடற்காகம் சொன்ன கடிதங்களை யெரெவானில் பட்டம் வாங்கிய ஒருவர் கையில் கொடுத்தால் சரளமாகப் படித்துவிட முடியாது. எழுத்து தெரியும், பாதிச் சொல் தெரியாது, வினைமுற்று வேறு. இன்று அவற்றைத் தடங்கலின்றிப் படிப்பவர்கள் சில அறிஞர்கள்தான். இருநூற்றைம்பது வருடத்துக் கடிதம் கொள்ளுப்பேரனுக்கே பூட்டிய பெட்டியாகிவிட்டால், அதைக் கரைதல் என்று மட்டும் சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை.

சிங்கை வாணி:
இங்கே சிங்கப்பூரிலும் ஆர்மீனியன் தெரு உண்டு. 1835இல் கட்டிய அவர்கள் தேவாலயமும் பக்கத்தில் இருக்கிறது. ராஃபிள்ஸ் ஹோட்டலை 1887இல் தொடங்கிய சார்க்கீஸ் சகோதரர்கள் புதிய ஜுல்ஃபாவில் பிறந்தவர்கள். பினாங்கு ஈ அண்ட் ஓ, ரங்கூன் ஸ்ட்ராண்ட் எல்லாம் அவர்கள் கைவேலை.

எங்கள் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட் 1893இல் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்ணின் தோட்டத்திலிருந்து வந்தது. அவருடைய வீட்டுப் பெயர் அஷ்கென், குடும்பப் பெயர் ஹோவாகிமியான். ஹோவாகிம் என்பது ஜோக்கிம் ஆனது, அஷ்கென் ஆக்னஸ் ஆனார். மலாயா, ஜாவா, பர்மாவுக்கு வந்த ஜுல்ஃபாக் குடும்பங்களில் பேச்சு இப்படித்தான் ஆங்கிலத்துக்குப் போனது. முதலில் கடைப் பலகையில் பெயர் மாறும், அப்புறம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கடைசியில் சாப்பாட்டு மேசை. என் பாட்டி வீட்டிலும் இந்த வரிசையைப் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு இது அந்நியக் கதையாகத் தெரியவில்லை.

மண்ணடிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

நம் ஊரில் இந்த வழக்குக்கு ஒரு பெரிய பெருமை உண்டே, அதை யாரும் சொல்லவில்லை. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 'அஸ்தாரார்' 1794இல் சென்னையில்தான் வந்தது. பாதிரியார் ஹாருத்யுன் ஷ்மாவோன்யான் நடத்தினார். 1824இல் இறந்த அவருடைய கல்லறையும் அதே தேவாலயத்தில் இருக்கிறது. சென்னை ஜுல்ஃபாக்காரர்கள் படித்த பத்திரிகை என்றால் ஜுல்ஃபா வழக்கு அச்சேறிய இடம் நம் ஊர் என்றுதானே அர்த்தம்?

கடற்காகம்:
தம்பி, அங்கேதான் சிக்கல். 'அஸ்தாரார்' 18 இதழ் வந்தது, 1796 வரை. ஆனால் அதன் மொழி பெரும்பாலும் கிராபார், அதாவது பழைய செவ்வியல் ஆர்மீனியம். ஷ்மாவோன்யான் ஷிராஸ் ஊர்க்காரர், பாதிரியார். அவர் காலத்தில் படித்தவர் அச்சுக்கு எழுதினால் கிராபாரில்தான் எழுதுவார்.

இந்த வழக்கு தேய்ந்த கதையின் வேர் இங்கே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஜுல்ஃபாக்காரர்களுக்கு அச்சு புதிதல்ல. 1638இலேயே ஜுல்ஃபாவில் பைபிளின் சங்கீதப் புத்தகம் அச்சிட்டார்கள். ஈரானில் அச்சான முதல் புத்தகம் அது. 1770களில் ஷஹாமிர் ஷஹாமிரியான் சென்னையில் அச்சகம் வைத்து, இனி வரப்போகும் ஆர்மீனிய நாட்டுக்குச் சட்டமே எழுதி அச்சிட்டார். பணம், இயந்திரம், படிக்கிற ஆள், எல்லாம் இருந்தன. ஆனால் வீட்டு வழக்கை அவர்கள் கணக்குப் புத்தகத்துக்கும் கடிதத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். புத்தகம் என்று வந்ததும் வேறு மொழிக்குப் போனார்கள். விதிவிலக்கு கொஞ்சம் உண்டு. 1699இல் ஜுல்ஃபா வணிகர்கள் கேட்டு ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஒரு கையேடு, உலக நகரங்களின் அளவை, நிறை, நாணயம் எல்லாம் சொல்வது, பேச்சுக்கு நெருங்கிய நடையில் இருக்கிறது. அதுவும் வியாபாரத்துக்குத்தான்.

ஆக வியாபாரம் இருக்கும் வரை வழக்குக்கு வேலை இருந்தது. வியாபாரம் போனதும் அதைத் தாங்க நூல் இல்லை, பள்ளி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் நவீன ஆர்மீனியத்துக்குத் தர வடிவம் உருவானபோது கிழக்குக்கு அரராத் சமவெளியின் பேச்சும் மேற்குக்கு கான்ஸ்டாண்டிநோபிளின் பேச்சும் அடிப்படை ஆயின. ஒரு காலத்தில் ஆர்மீனியப் பணமெல்லாம் புழங்கிய வழக்கு அந்தப் பந்தியில் உட்காரவே இல்லை.

நேர்பேச்சு:
இதை ஏற்கிறேன். என் முதல் பதிவை அவசரத்தில் எழுதிவிட்டேன், ஜுல்ஃபாவைப் பற்றி அப்புறம்தான் படித்தேன்.

படித்ததில் ஒன்று. புதிய ஜுல்ஃபாவில் பழைய ஜுல்ஃபா ஆட்கள் மட்டும் இருக்கவில்லை. யெரெவான் பேட்டை, தப்ரீஸ் பேட்டை என்று பிற ஊர்க்காரர்களின் பேட்டைகளும் இருந்தன. அந்த மக்கள் தங்கள் தங்கள் வழக்கோடுதான் வந்திருப்பார்கள். கோஜாக்கள் என்ற பெருவணிகர்கள் பேசியது ஜுல்ஃபா வழக்கு, பட்டு ஏற்றுமதி அவர்கள் கையில், வேலை கொடுப்பவர்களும் அவர்கள். ஊருக்கே அந்தப் பேச்சு மேலோங்கியது. அந்த ஊரில் அது ஒரு காலத்தில் பிற வழக்குகளை விழுங்கிய வழக்கு. இதைச் சொல்வது அதன் இழப்பைச் சிறிதாக்க அல்ல. எது அதை உயர்த்தியதோ அது போனதும் அதுவும் இறங்கியது என்று எனக்குப் படுகிறது.

அழகர்சாமி:
தாமதமாக வருகிறேன். மதுரைப் பக்கம். இஸ்ஃபஹானில் ஒரு ஒப்பந்த வேலைக்காக 1990களில் ஏழு மாதம் இருந்தேன். ஜுல்ஃபாவில் ஒரு ஆர்மீனிய மூதாட்டியின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அறையிலிருந்து பார்த்தால் வாங்க் தேவாலயத்தின் மண்நிறக் குவிமாடம் தெரியும். வெளியே பள்ளிவாசல் போல எளிமையாக இருக்கும், உள்ளே சுவர் முழுக்க ஓவியம்.

அந்த அம்மா என் பெயரைச் சொன்ன முதல் நாளை மறக்க முடியாது. வடநாட்டில் எத்தனையோ பேர் 'அலகர்', 'அளகர்', 'அஸகர்' என்றெல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த அம்மா ஒரே தடவையில் 'அழகர்' என்றார். அந்த 'ழ' எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்று தெரியவில்லை. ஈரானிய ஆர்மீனியர்களின் 'ர' நாக்கை மடக்கிச் சொல்வது, நம் ழகரத்துக்கு மிக நெருக்கம் என்று பின்னாளில் படித்தேன். எழிலி அம்மா சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.

இழைக்கு வருகிறேன். அவர் தன் தங்கையோடு தொலைபேசியில் பேசும்போது ஒரு குரல். தெஹ்ரானிலிருந்து பேத்தி வந்தால் வேறு குரல். எனக்கு இரண்டு மொழியும் தெரியாது, ஆனால் வித்தியாசம் காதுக்குத் தெரிந்தது. தங்கையோடு பேசும்போது வேகம், அடித்தொண்டை மூச்சு, நடுவில் சிரிப்பு. பேத்தியோடு பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பது போல. பேத்தி ஒருநாள் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள்: பாட்டி பேசுவது ஜுல்ஃபா பேச்சு, தெஹ்ரான் பள்ளியில் அப்படிப் பேசினால் கிண்டல் செய்வார்கள், அதனால் பாட்டியே அவளுக்காக மாற்றிக்கொள்கிறார். பாட்டியிடம் இதைக் கேட்டேன். 'அவள் அங்கே வாழ வேண்டியவள்' என்றார், அவ்வளவுதான்.

அந்தக் குடும்பத்தில் பாதிப்பேர் 1946-47இல் சோவியத் ஆர்மீனியா அழைத்தபோது போய்விட்டார்களாம். மகன் 1979க்குப் பிறகு கலிஃபோர்னியா, கிளெண்டேல். மீதிப்பேர் வேலைக்காக தெஹ்ரான். ஜுல்ஃபாவில் அவரும் தங்கையும்தான்.

எழிலி:
அழகர்சாமி ஐயா, உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஈரானிய ஆர்மீனியத்தில் அந்த 'ர' நாமடி ஒலி என்றுதான் இலக்கண நூல்கள் பதிவு செய்கின்றன. நம் 'ழ' இருக்கும் அதே இடம். அந்த மூச்சு என்று நீங்கள் எழுதியது நான் மேலே சொன்ன நான்காவது ஒலியாக இருக்கலாம். அது மகிழ்ச்சியாகவும் வருத்தமாகவும் இருக்கிறது. நான் தாளில் கண்டதை நீங்கள் மாடிப்படியில் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்ன குடும்பக் கதையே ஊர்க் கதை. 1722இல் ஆப்கானியர் இஸ்ஃபஹானை முற்றுகையிட்டு ஜுல்ஃபாவிடம் பெரும்பணம் பறித்தார்கள். பின்னால் நாதிர் ஷா 1747இல் கொல்லப்படும் வரை வரியால் பிழிந்தார். வசதியுள்ளவர்கள் இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் போனார்கள். மண்ணடிக்காரன் பார்த்த கல்லறைகளில் சில அந்த ஓட்டத்தில் வந்தவர்களுடையதாக இருக்கும். மிஞ்சியவர்களிடம் பேச்சு பிழைத்தது, அதுவும் இருநூறு வருடம். அதைத்தான் நாம் மறக்கிறோம். பணமும் கப்பலும் போன பிறகும் தெருவில், சமையலறையில் அது உயிரோடு இருந்தது. 1930களின் பிற்பகுதியில் ஈரானை ஆண்ட ரேஸா ஷா ஆர்மீனியப் பள்ளிகளை மூடினார். 1940களில் அவை மறுபடி திறந்தபோது உள்ளே வந்தது தர ஆர்மீனியம். நாளிதழ், மேடை நாடகம், பிரசங்கம் எல்லாம் அதில். அன்று அதுதான் ஆர்மீனியத்தைக் காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். பாரசீகத்துக்குப் பிள்ளைகளை விட்டுவிடாமல் பிடித்து நிறுத்திய அதே பள்ளி, பாட்டியின் பேச்சைக் கொச்சை என்றும் நினைக்க வைத்தது. இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மண்ணடிக்காரன்:
பழைய ஜுல்ஃபாவில் இப்போது என்ன இருக்கிறது? யாராவது போய்ப் பார்த்ததுண்டா?

கடற்காகம்:
அங்கே ஆர்மீனியர் இல்லை, தம்பி. அராஸ் கரையில் ஆயிரக்கணக்கான சிலுவைக் கற்கள் நின்ற இடுகாடு ஒன்று இருந்தது. நாடு கடத்தப்படாமல் மிஞ்சியது அந்தக் கற்கள்தான். இப்போது அந்த இடம் அஜர்பைஜானின் நாக்சிவானில். 1998இல் தொடங்கி 2005 டிசம்பருக்குள் எல்லாவற்றையும் உடைத்து எடுத்துவிட்டார்கள். ஆற்றின் இந்தப் பக்கம் ஈரானிலிருந்து எடுத்த காணொளி உண்டு. நான் ஒருமுறை பார்த்தேன், மறுபடி பார்க்கவில்லை.

சென்னையில் சைதாப்பேட்டைப் பாலத்துப் பக்கம் போனால் பெட்ரோஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் வைத்த கல்வெட்டைப் பாருங்கள். 1726இல் அடையாற்றின் குறுக்கே முதல் பாலத்தைத் தன் பணத்தில் கட்டியவர் அவர்தான். பரங்கிமலைப் படிகளும் அவர் கட்டியவை. 1751இல் இறந்தார். உடல் சென்னையில் அடங்கியது. இதயத்தை மட்டும் எடுத்து ஜுல்ஃபாவுக்கு அனுப்பும்படி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அழகர்சாமி:
இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று இரவு அந்தப் பேத்திக்கு எழுதினேன். அவளும் இப்போது கலிஃபோர்னியாவில்தான். வருடத்துக்கு ஒருமுறை வாழ்த்து அனுப்பிக்கொள்வோம். பாட்டி இறந்து பதினெட்டு வருடம் ஆகிறது.

பாட்டியும் தங்கையும் பேசிக்கொண்டதை அவள் அப்பா ஒரு கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தாராம், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மணி நேரம். குலுங்கச் சிரிக்கிறார்களாம். முக்கால்வாசி புரிகிறது, ஆனால் அவர்கள் சிரிக்கும் இடத்தில் வரும் ஒரு சொல் மட்டும் அவளுக்குப் புரியவில்லை. அப்பாவும் இப்போது இல்லை, கேட்க வீட்டில் ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாள்.

எழிலி:
ஐயா, முதலில் கேசட்டைக் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். நாடா பழசாகியிருக்கும், அடிக்கடி ஓடவிட வேண்டாம். அந்தச் சொல் வரும் இடத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடம் வெட்டி எனக்கு அனுப்பினால் போதும், அவள் சம்மதித்தால். அச்சாரியன் நூலின் பிரதி எங்கள் துறை நூலகத்தில் இருக்கிறது. ஆர்மீனிய வழக்குகளில் வேலை செய்யும் என் தோழியிடமும் கேட்கிறேன். திங்கட்கிழமை நூலகம் போவேன், அதற்குள் வந்தால் நல்லது.